ஜகதீஷ் சந்திர போஸ்

ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) இந்திய இயற்பியலாளரும் தாவர ஆய்வாளரும் ஆவார். தமிழில் ஜகதீச சந்திர வசு என்றும் இவர் பெயர் எழுதப்படுவதுண்டு. தாவரங்களுக்கும் உணர்வு உண்டு என்று காட்டியவர் என்றே பள்ளிப் பாடநூல்கள் இவரைப் பெரிதும் அறிமுகப்படுத்துகின்றன. அதற்கு முன்பே, 1894 முதல் 1900 வரையிலான ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில், மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உண்டாக்கவும், ஒரு திசையில் செலுத்தவும், வாங்கி உணரவும் தேவையான கருவிகள் அனைத்தையும் இவர் கல்கத்தாவில் தாமே வடிவமைத்தார். கொம்பு வடிவ ஆன்டெனா, அலைநடத்திக் குழாய், குறைகடத்திப் படிகத்தால் ஆன உணர்கருவி ஆகியவை அவற்றுள் சில. ஆலைகளிலும் கிடங்குகளிலும் கம்பியற்ற இணைப்புக் கருவிகளைப் பொருத்துவோர் இன்று கையாளும் பல உறுப்புகளின் தொடக்க வடிவத்தை இவரது ஆய்வறையில் காணலாம்.

இளமையும் கல்வியும்

போஸ் அன்றைய வங்காள மாகாணத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். இவரது குடும்பத்தின் பூர்வீக ஊர் விக்ரம்பூர்ப் பகுதியில் உள்ள ராரிகால் ஆகும். இவ்விரு இடங்களும் தற்போது வங்காளதேசத்தில் உள்ளன. தந்தை பகவான் சந்திர போஸ் பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். அரசுப் பணியில் துணை நீதிபதியாக இருந்தவர். அரசு அலுவலர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், தம் மகனை முதலில் வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஏவலர்கள், மீனவர்கள் ஆகியோரின் பிள்ளைகளோடு அமர்ந்து படித்ததைப் போஸ் பிற்காலத்தில் பெருமையுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

பின்னர்க் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும் தூய சேவியர் பள்ளியிலும் பயின்று, 1879 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். தூய சேவியர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த இயேசு சபைத் துறவியான லாஃபோன் அடிகளார், சோதனைகளைச் செய்து காட்டி விளக்குவதில் பெயர் பெற்றவர். போஸின் கைத்திறனுக்கு வித்திட்டவர் அவரே எனலாம். 1880 இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து சென்ற போஸ், அடிக்கடி வந்த காய்ச்சலால் அப்படிப்பைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1884 இல் பட்டம் பெற்றார். அங்கு இவருக்குப் பாடம் நடத்திய ராலே பிரபு, பிற்காலத்தில் இவரது ஆய்வுகள் இலண்டனில் வெளியாக உதவினார்.

பிரசிடென்சி கல்லூரியும் ஊதியப் போராட்டமும்

1885 இல் நாடு திரும்பிய போஸ், வைசிராய் ரிப்பன் பிரபுவின் பரிந்துரையின் பேரில் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகத் தற்காலிகப் பணியில் சேர்ந்தார். இந்தியர்களால் துல்லிய அறிவியலைக் கற்பிக்க இயலாது என்ற எண்ணம் அன்றைய கல்வித் துறை அலுவலர்களிடம் நிலவியது. ஒரே பணிக்கு ஐரோப்பியர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு வழங்கப்பட்டது. பணி தற்காலிகமானது என்பதால் அத்தொகையும் பாதியாகக் குறைக்கப்பட்டது. போஸ் பணியை விடவில்லை. ஊதியத்தை மட்டும் வாங்க மறுத்தார். இந்நிலை மூன்று ஆண்டுகள் நீடித்தது. சுதேசித் தொழில் முயற்சிகளில் ஈடுபட்டுத் தந்தை கடனில் மூழ்கியிருந்த காலம் அது என்பதால், இந்த முடிவு எளிதானதன்று. இறுதியில் கல்லூரி நிருவாகம் இவரது பணியை நிரந்தரமாக்கி, முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கியது. அத்தொகை தந்தையின் கடனை அடைக்கப் பயன்பட்டது.

1887 இல் அபலா தாஸ் என்பவரை மணந்தார். அபலா, பெண்களுக்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடமளிக்கப்படாத காரணத்தால் 1882 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்றவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாமல் போனாலும், பின்னாளில் வங்காளத்தில் பெண்கல்விக்குப் பெரும்பணி ஆற்றினார்.

குற்றலை ஆய்வுகள்

மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்சுவெல் கணித்ததை ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் சோதனையால் நிறுவினார். அவர் 1894 சனவரி முதல் நாளில் காலமானார். அவ்வாண்டு ஆலிவர் லாட்ஜ் ஹெர்ட்ஸின் பணியைப் பற்றி ஆற்றிய உரை நூலாக வெளிவந்தது. அதைப் படித்த போஸ் இத்துறையில் இறங்கினார்.

ஹெர்ட்ஸ் குழிவாடிகளைக் கொண்டு செய்த சோதனைகளில் அலைநீளம் ஏறத்தாழ 66 சென்ட்டிமீட்டர். இத்தகைய நெடிய அலைகள் ஒளியைப் போல் விலகுகின்றனவா, எதிரொளிக்கின்றனவா என்று அளக்க ஆளுயர ஆடிகளும் மிகப் பெரிய முப்பட்டகங்களும் தேவைப்பட்டன. கருவி அலைநீளத்தை விடப் போதிய அளவு பெரிதாக இல்லையெனில் அலைகள் விளிம்புகளில் வளைந்து பரவி, அளவீடு குழம்பிவிடும். கருவியைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக அலையைச் சிறிதாக்குவது என்று போஸ் முடிவு செய்தார். பிளாட்டினம் பூசிய சிறு குமிழ்களுக்கு இடையே மின்பொறி தெறிக்கச் செய்து, 2.5 சென்ட்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை அலைநீளம் கொண்ட அலைகளைப் பெற்றார். இன்றைய கணக்கில் இது 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் ஆகும். மேசை மீது வைக்கக்கூடிய கருவித் தொகுதியில் முழு ஒளியியல் ஆய்வும் அடங்கிவிட்டது.

இந்தப் பணி நடந்த இடம் கல்லூரியில் சுமார் 24 சதுர அடி பரப்பே கொண்ட ஒரு சிற்றறை. அரசு உதவித்தொகை தொடக்கத்தில் இல்லை. கருவிகளை, ஆய்வகப் பணியில் முன்பழக்கம் இல்லாத ஒரு தகரக் கொல்லரின் துணையுடன், பெரும்பாலும் சொந்தச் செலவிலேயே செய்துகொண்டார்.

1895 மே மாதத்தில் வங்காள ஆசியக் கழகத்தில் இவரது முதல் ஆய்வுக் கட்டுரை படிக்கப்பட்டது. அதே ஆண்டில் ராலே பிரபுவின் வழியாக இலண்டன் அரச கழகத்திலும் ஒரு கட்டுரை வெளியாயிற்று. 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 சனவரி 29 அன்று இலண்டன் அரச நிறுவனத்தின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தித் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார்.

நகர மன்றச் செய்முறை

1895ஆம் ஆண்டளவில் கல்கத்தா நகர மன்றத்தில் போஸ் நடத்திய செய்முறை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. ஓர் அறையில் எழுப்பிய அலைகள், இடையே இருந்த சுவர்களையும், அமர்ந்திருந்த துணைநிலை ஆளுநரின் உடலையும் கடந்து, ஏறத்தாழ 75 அடி தொலைவில் இருந்த அறையில் மணியை ஒலிக்கச் செய்தன. சிறிதளவு வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தன. கம்பி இல்லாமல் தொலைவில் உள்ள ஒரு பொறியை இயக்கலாம் என்பதைப் பொதுமக்கள் முன்னிலையில் காட்டிய தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இது ஒன்று.

கருவிகள்

போஸின் வாங்கும் கருவியின் முகப்பில் செவ்வக வாயுடைய ஓர் உலோகப் புனல் இருந்தது. பரந்த வாயில் விழும் அலைகளைத் திரட்டிக் குறுகிய குழாய்க்குள் அனுப்புவது அதன் வேலை. இதுவே இன்று கொம்பு வடிவ ஆன்டெனா எனப்படுகிறது. அலைகளை உள்ளே நடத்திச் சென்ற உலோகக் குழாய் அலைநடத்தி எனப்படும் உறுப்பாகும். இவ்விரண்டும் பிறகு பல ஆண்டுகள் ஏறக்குறைய மறக்கப்பட்டு, 1930களில் அமெரிக்காவில் மீண்டும் உருவாக்கப்பட்டன. நீண்ட அலைகளே தொலைத்தொடர்புக்கு ஏற்றவை என்று இடைக்காலத்தில் அனைவரும் அத்திசையில் சென்றதே இதற்குக் காரணம்.

தளவிளைவை ஆராயப் போஸ் பயன்படுத்திய பொருள்கள் சுவையானவை. முறுக்கிய சணல் நார்க் கட்டுகள் அவற்றுள் ஒன்று. தாள்களுக்கு இடையே வெள்ளீயத் தகடு செருகிய இரயில்வே கால அட்டவணைப் புத்தகம் மற்றொன்று. ஒரு திசையில் அதிரும் அலைகளை மட்டும் இப்புத்தகம் கடத்தியது. அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரே தளத்தில் இருந்தால் குறிப்பு கிடைக்கும். ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பினால் மறையும். ஒரு முனையில் ஆன்டெனா நின்ற வாக்கிலும் மறுமுனையில் படுக்கை வாக்கிலும் பொருத்தப்பட்டால் இணைப்பு நலிந்துபோவது இதே காரணத்தால்தான்.

இரு முப்பட்டகங்களை எதிரெதிரே வைத்து, இடையிலுள்ள காற்று இடைவெளியைக் கூட்டிக் குறைத்து அலையின் வலுவைக் கட்டுப்படுத்தும் அமைப்பையும் இவர் உருவாக்கினார். கந்தகம், கண்ணாடி முதலியவற்றின் விலகல் எண்களையும் அளந்தார். செங்கல்லும் கீலும் ஒளியை மறைப்பன. ஆயினும் இந்த அலைகளுக்கு வழிவிடுகின்றன. நீரோ ஒளிக்கு வழிவிட்டு இவ்வலைகளைத் தடுக்கிறது. இதையும் போஸ் பதிவு செய்துள்ளார்.

அதிகம் பேசப்படாத மற்றொரு செய்தி, இரைச்சலைத் தடுக்க இவர் எடுத்துக்கொண்ட முயற்சி ஆகும். பொறியை உண்டாக்கும் தூண்டு சுருளே பக்கத்தில் உள்ள நுண்ணிய உணர்கருவியைக் குலைத்துவிடும். எனவே சுருளையும் மின்கலத்தையும் உலோகப் பெட்டிக்குள் அடைத்து, அலை வெளியேற ஒரு குழாயை மட்டும் விட்டார். உணர்கருவியிலிருந்து செல்லும் கம்பிகளை உலோகத் தாளால் பொதிந்தார். புனலின் வாய் தவிர வேறெங்கும் அலை நுழையாதபடி பார்த்துக்கொண்டார். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணப்படும் பல சிக்கல்கள் உண்மையில் கம்பிவழி நுழையும் இரைச்சலே என்பது இத்துறையில் பணியாற்றுவோர் அறிந்தது.

உணர்கருவியும் காப்புரிமையும்

அக்காலத்தில் அலைகளை உணர உலோகத் துகள்கள் நிரப்பிய கண்ணாடிக் குழாய் பயன்பட்டது. அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஒவ்வொரு முறையும் தட்டி அவற்றைப் பிரிக்க வேண்டும். கல்கத்தாவின் ஈரக்காற்றில் இது சரிவர இயங்கவில்லை. போஸ் துகள்களுக்குப் பதிலாகச் சிறு எஃகுச் சுருள்வில்களை வரிசையாக அடுக்கி, அழுத்தத்தைத் திருகால் சரிசெய்யும் அமைப்பை உருவாக்கினார். 1899 இல் அரச கழகத்தில் வெளியான கட்டுரையில், தட்டாமலே தானாக மீளும் இரும்பு–பாதரச உணர்கருவி ஒன்றையும் விவரித்தார். பின்னர் கலீனா எனும் காரீயக் கனிமப் படிகத்தைத் தொடும் முனையைக் கொண்டு அலைகளை உணர்ந்தார்.

இக்கருவிகளால் வணிகப் பயன் அடையப் போஸ் விரும்பவில்லை. 1901 இல் இலண்டனில் தந்தி நிறுவனம் ஒன்றின் செல்வந்த உரிமையாளர் காப்புரிமை பெற வற்புறுத்தியதையும், தாம் மறுத்ததையும் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டுள்ளார். எனினும் சகோதரி நிவேதிதையும் அமெரிக்கரான சாரா புல் அம்மையாரும் விடாது வலியுறுத்தியதன் பயனாக 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1904 மார்ச் 29 அன்று 755,840 எண் கொண்ட காப்புரிமை வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமையாக இது கருதப்படுகிறது. போஸ் இதைப் பயன்படுத்திப் பொருள் ஈட்டவில்லை, காலாவதியாக விட்டுவிட்டார். டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களுள் ஒருவரான வால்ட்டர் பிராட்டெய்ன், குறைகடத்திப் படிகத்தை அலை உணர்கருவியாகப் பயன்படுத்தியதில் முன்னுரிமை போஸுக்கே உரியது என்று 1955 இல் எழுதினார்.

மார்க்கோனியும் முன்னுரிமைச் சர்ச்சையும்

வானொலியைக் கண்டுபிடித்தவர் மார்க்கோனியா, போஸா என்ற கேள்வி இந்திய இதழ்களில் அடிக்கடி எழுகிறது. இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது, மார்க்கோனியின் அட்லாண்டிக் சோதனை. 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பப்பட்ட மோர்சுக் குறியைக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பெற்றதாக மார்க்கோனி அறிவித்தார். அதில் பயன்பட்டது இத்தாலியக் கடற்படையினரிடமிருந்து வந்த பாதரச உணர்கருவி. அதன் மூலத்தைப் பற்றி இத்தாலியிலேயே அப்போது சர்ச்சை எழுந்தது. அதன் அடிப்படை போஸின் 1899 கட்டுரையே என்று புரபீர் பந்தோபாத்தியாய் 1998 இல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் வாதிட்டார். அவர் காட்டும் ஒற்றுமைகள் வலுவானவை. போஸின் பெயர் அன்று உரிய இடத்தில் குறிப்பிடப்படாதது அநீதி என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, செய்தித் தொடர்பு. நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பும் முழுமையான அமைப்பை உருவாக்குவது போஸின் நோக்கமாக இருக்கவில்லை. மின்காந்த அலைகள் ஒளியின் பண்புகளை எல்லாம் கொண்டவையா என்பதே அவர் கேள்வி. மார்க்கோனி நீண்ட அலைகளையும், உயர்ந்த கம்பங்களையும், நிலத் தொடர்பையும் கொண்டு தொலைவை நோக்கிச் சென்றார். போஸ் எதிர்த்திசையில், மிகக் குறுகிய அலைகளை நோக்கிச் சென்றார். லாட்ஜ், போபோவ் ஆகியோரின் பங்கையும் சேர்த்துப் பார்த்தால், வானொலிக்கு ஒரே தந்தை என்று எவரையும் சுட்டுவது பொருந்தாது. போஸின் பெருமை நுண்ணலைத் துறையில் உள்ளது. அங்கே அவருக்குப் போட்டியாளர் மிகச் சிலரே.

தாவர ஆய்வுகள்

தொடர்ந்து பயன்படுத்தப்பட்ட உணர்கருவி களைப்படைவது போல் மந்தமாகி, ஓய்வுக்குப்பின் மீள்வதைப் போஸ் கவனித்தார். உலோகத்தின் துலங்கலும் தசையின் துலங்கலும் ஒத்திருப்பதாக 1900 இல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் கூறினார். இதுவே இவரைத் தாவரங்களை நோக்கி இட்டுச் சென்றது. தொட்டாற்சுருங்கி முதலிய செடிகளில் மின் துலங்கலை அளந்தார். செடியின் நுண்ணிய வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியைச் செய்தார். உடலியல் அறிஞர்கள் பலர் இவற்றை ஏற்கத் தயங்கினர். தாவரங்களில் மின்சைகைகள் செல்கின்றன என்ற இவரது கருத்து பின்னாளில் வலுப்பெற்றது. உயிரற்றவை பற்றிய பொதுமையாக்கங்கள் அவ்வாறு நிலைபெறவில்லை.

பாரதியார் இவர் மீது பெருமதிப்புக் கொண்டிருந்தார்; இவரது சொற்பொழிவைத் தமிழில் மொழிபெயர்த்தும் உள்ளார்.

தொழிற்கூடங்களில் இன்று

60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை நீண்ட காலம் பயனற்றதாகக் கருதப்பட்டது. காற்றிலுள்ள ஆக்சிசன் இவ்வதிர்வெண்ணை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 டெசிபெல் அளவு உறிஞ்சுகிறது. இக்குறையே பின்னர் நிறையாயிற்று: அலை தொலைவு செல்லாததால், பக்கத்துக் கட்டடத்தில் இதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்தலாம். 2012 இல் வந்த 802.11ஏடி என்ற வைஃபை தரம் இந்த வரிசையில் இயங்குகிறது.

ஆலைகளில் பரவலாக உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12.5 சென்ட்டிமீட்டர். இரும்புக் கூரையும் பொறிகளும் அதைப் பல திசைகளிலும் எதிரொளிக்கின்றன. ஈரமான பொருள்களின் குவியல் உறிஞ்சுகிறது. எல்லாத் திசைகளிலும் அலை பரப்பும் ஆன்டெனாவை நடுக்கூரையில் தொங்கவிடுவதை விட, இரு உலோக அடுக்குகளுக்கு இடையிலுள்ள நீண்ட பாதையை நோக்கித் திசைகாட்டும் ஆன்டெனா ஒன்றை வைப்பது சில கிடங்குகளில் நற்பயன் தருவது இதனால்தான்.

போஸின் புனலை ஏறத்தாழ அதே தோற்றத்தில் காண விரும்புவோர், சிமெண்ட், சர்க்கரை, வேதிப்பொருள் ஆலைகளின் கலன்களின் உச்சியைப் பார்க்கலாம். அங்கே பொருத்தப்படும் ரேடார் மட்டமானிகள் பலவற்றில் கீழ்நோக்கிய உலோகக் கொம்பு ஒன்று இருக்கும். 26 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலையைக் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு கலனில் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று இவை கணக்கிடுகின்றன. தூசியும் ஆவியும் கண்ணை மறைக்கும் இடத்தில் இந்த அலைகள் ஊடுருவிச் செல்கின்றன.

பிற்கால வாழ்வும் நினைவும்

1915 இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற போஸ், 1917 நவம்பர் 30 அன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் சர் பட்டமும், 1920 இல் அரச கழக உறுப்பினர் தகுதியும் பெற்றார். சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாகா ஆகியோர் இவரிடம் பயின்றவர்கள். வங்காள மொழியில் அறிவியல் புனைகதை எழுதிய முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார். ஒரு புட்டி தலைமுடி எண்ணெயால் புயல் அடங்குவதாக அமைந்த இவரது கதை 1896 இல் வெளியானது. 1937 நவம்பர் 23 அன்று கிரிடியில் காலமானார்.

1990களில் அமெரிக்காவின் கிட் பீக் மலையில் உள்ள 12 மீட்டர் வானொலித் தொலைநோக்கியின் புதிய வாங்கியில், போஸின் 1897ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் உள்ள கருத்துகள் பயன்படுத்தப்பட்டன. 2012 இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐஇஇஇ, இவரது மில்லிமீட்டர் அலைச் சோதனைகளை மின்பொறியியல் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது. நிலவின் பள்ளம் ஒன்றுக்கும் இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. தகரக் கொல்லரோடு சேர்ந்து செய்த மூலக்கருவிகள் பல கொல்கத்தா போஸ் நிறுவன அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.